தாய்க்கு இடமில்லாத தருமம்

பாரதக் கதையைக் கேட்போர் கர்ணனுக்காகக் கண்ணீர் வடிப்பர். கன்னிப் பருவத்தில் பெற்ற மகவைப் பேழையில் இட்டு ஆற்றிலே விட்டாள் குந்தி. பேழை மிதந்தது, தேரோட்டி ஒருவன் கண்டெடுத்தான், பிள்ளை வீரனாக, வள்ளலாக வளர்ந்தான். 1964இல் அது 'கர்ணன்' என்ற திரைப்படமாக வந்தபோது தமிழகம் அவனுக்காக அழுதது. 1991இல் அதே கதை 'தளபதி'யாக வந்தது. ஆறு இருப்புப் பாதையாயிற்று. பேழை சரக்கு வண்டியாயிற்று. மணமாகாத சிறு பெண் ஒருத்தி பெற்ற பிள்ளையை வண்டியில் விட்டுவிடுகிறாள். நாள்தோறும் சரக்கு வண்டிகள் கடந்து செல்லும் போத்தனூரில் வாழ்பவன் நான். எனக்கு எழுந்த ஐயம் ஒன்றுதான். பிள்ளை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கதை சொல்கிறது. பெற்றவள் அன்றிரவு எங்கே படுத்தாள், மறுநாள் எதை உண்டாள் என்பதை ஏன் சொல்வதில்லை?

குந்தி அரசிளங்குமரி, அவளுக்கு அரண்மனை இருந்தது. ஏழைப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? பிள்ளையின் தந்தைதான் என்ன ஆனான்? பாரதத்தில் அவன் வானத்தில் ஏறிக்கொண்டான். காலையில் உதித்தான், மாலையில் மறைந்தான். அவனை எவரும் கேள்வி கேட்கவில்லை, கைகூப்பித் தொழுதனர்!

தமிழ்க் காப்பியமாம் மணிமேகலையிலும் இத்தகைய பிள்ளை ஒருவன் உண்டு. அவன் பெயர் ஆபுத்திரன். முறை தவறிய உறவிலே கருவுற்ற சாலி என்பாள், அஞ்சி ஊரை நீங்கித் தென்குமரிப் பயணம் மேற்கொண்டு, வழியிலே பெற்ற பிள்ளையைத் தோட்டமொன்றில் விட்டுப் போனாள். ஏழு நாள் பசு ஒன்று பாலூட்டியது. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் அமுதசுரபி ஏந்தி ஊரார் பசி தீர்த்தவன். பிறப்பைச் சொல்லி இகழ்ந்த வேதியரை நோக்கி, உங்கள் முனிவர்களின் பிறப்பு எத்தகையது என்று திருப்பிக் கேட்டவன். பாரதத்தைவிட நேர்மையான கதை இது. எனினும் இங்கும் சாலி மறைந்து போகிறாள். பிள்ளைக்குப் பசு கிடைத்தது. தாய்க்கு ஒரு கூரை கிடைக்கவில்லை.

இரக்கம் எப்போதும் பிள்ளையோடு நின்றுவிடுகிறது. பிள்ளை குற்றமற்றது, தாய் குற்றவாளி. இதுதான் மதம் நமக்குக் கற்பித்த கணக்கு. ஆகவே, மணமாகாமல் பெற்றோரானவர்க்கு உதவ வேண்டியது மதத்தாரின் தருமமா, மக்களின் அரசா என்ற வழக்கை ஆராயப் புகுவோர், யார் அதிகம் கொடுத்தார் என்று படி அளந்து பார்த்தால் போதாது. கொடுத்த கை பதிலுக்கு எதைக் கேட்டு வாங்கிக்கொண்டது என்று பார்க்க வேண்டும்.

கோயில் தந்த மானியம்

தமிழ்நாட்டில் மணமாகாத தாயரை நெடுங்காலம் வைத்துப் பேணிய மத நிறுவனம் எது? கோயில்தான்! வியப்படைய வேண்டாம். பொட்டுக்கட்டிய பெண்ணுக்குக் கோயில் மானிய நிலம் இருந்தது. அவள் பெற்ற பிள்ளைகளுக்கு அந்நிலத்தில் விளைந்த சோறு இருந்தது. பிள்ளையின் தந்தை யார் என்று கோயில் கேட்டதில்லை. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது பெருந்தன்மை போலத் தோன்றும்.

ஆனால், மானியத்தின் மறுபக்கத்தில் நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. ஊழியம் தொடர வேண்டும். தாய் ஓய்ந்தால் மகள் பொட்டுக்கட்டிக்கொள்ள வேண்டும். மகளைக் கொடுத்தால் மண் நிலைக்கும். மகளை மீட்டால் மண் போகும். வயிற்றுக்குச் சோறு போட்ட அதே கை, அந்த வயிற்றில் பிறந்த பெண்ணையும் கேட்டது.

1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் அடியெடுத்து வைத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இந்தக் கணக்கை நன்கு அறிந்தவர். அவருடைய தாயார் அந்தக் குலத்திலிருந்து வந்தவர். பொட்டுக்கட்டுவதை ஒழிப்போம் என்று முழங்குவதோடு அவர் நிற்கவில்லை. 1929இல் இந்து அறநிலையச் சட்டத்தைத் திருத்தச் செய்தார். ஊழியம் என்ற கட்டு அறுந்தது. நிலம் அவளிடமே நின்றது. பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கிய சட்டம் 1947இல்தான் வந்தது. முதலில் சோற்றுக்கு உறுதி, பின்னர் வழக்கத்திற்குத் தடை: இந்த வரிசைதான் அறிவுடைமை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் எழுதிய 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற புதினத்தைப் படித்தோர் அறிவர்: அந்தப் பெண்களைக் கட்டிப் போட்டிருந்தது பக்தி அன்று, பிழைப்பு.

இதிலே நமக்கொரு பாடம் இருக்கிறது. சோற்றை நிறுத்தாமல் கட்டை மட்டும் அறுப்பது அரசு செய்யக்கூடிய செயல். கோயில் அதைச் செய்ய இயலாது. ஏனெனில், கோயிலுக்கு வேண்டியிருந்ததே அந்தக் கட்டுத்தான்.

அயர்லாந்தின் சான்று

மதத்தார் செய்த நன்மையை மறைப்பது பகுத்தறிவுக்கு அழகன்று. ஏமி கார்மைக்கேல் என்ற பெண்மணி நெல்லைச் சீமைத் தோனாவூரில், 1901 முதல், கோயிலுக்கு விடப்படவிருந்த குழந்தைகளுக்குப் புகலிடம் நடத்தினார். 1951இல் அங்கேயே மறைந்தார். அரசு உறங்கிய காலத்தில் விழித்திருந்தவரை நாம் ஏன் பழிக்க வேண்டும்? ஆனால், ஒருவர் நல்லவராக இருப்பதை நம்பி ஒரு முறையை அமைத்துவிட முடியாது. நல்லவர் இல்லாத இடத்தில் அம்முறை என்னவாகும் என்று கேட்க வேண்டும். அதற்கு விடை, அவர் பிறந்த அயர்லாந்துத் தீவிலேயே இருக்கிறது.

1922இல் தன்னாட்சி பெற்ற அயர்லாந்து நாட்டில், மணமாகாமல் கருவுற்ற பெண்கள் 'தாய்–சேய் இல்லங்கள்' எனப்பட்டவற்றுக்கு அனுப்பப்பட்டனர். அவற்றுள் பலவற்றை நடத்தியோர் கத்தோலிக்கக் கன்னியர். பெயர் தாய்–சேய் இல்லம். நடந்ததோ தாயையும் சேயையும் பிரிக்கும் வேலை. பேறுகாலம் முடிந்த பின்னும் பெண்கள் அங்கே வேலை செய்தனர். பிள்ளைகள் தத்துக் கொடுக்கப்பட்டனர். சிலர் கடல் கடந்து அமெரிக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். கால்வே மாவட்டத்து டுவாம் நகரில் 1925 முதல் 1961 வரை இயங்கிய ஓர் இல்லத்தில் 796 குழந்தைகள் இறந்திருக்கின்றனர். இதை வெளிக்கொணர்ந்தவர் கேத்தரின் கோர்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆய்வாளர். ஒவ்வோர் இறப்புப் பதிவாகத் தேடித் தொகுத்தார். இறந்ததற்குப் பதிவு இருந்தது. புதைத்ததற்குப் பதிவு இல்லை. அந்த இல்லம் இருந்த இடத்தில், கழிவுநீர்த் தொட்டியோடு தொடர்புடைய நிலத்தடி அறைகளில் குழந்தைகளின் எலும்புகள் இருந்ததை 2017இல் விசாரணை ஆணையம் உறுதி செய்தது.

2021 ஜனவரியில் ஆணையத்தின் இறுதி அறிக்கை வந்தது. ஆராயப்பட்ட 18 நிறுவனங்களில் தங்கியிருந்தோர் ஏறத்தாழ 56,000 தாயர், 57,000 குழந்தைகள். அக்குழந்தைகளில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்துபோயினர். நூற்றுக்குப் பதினைந்து! அந்நாட்டுத் தலைமையமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பாவத்தைக் கழுவ வந்த பெண்கள் என்றார்களே, அந்தப் பாவத்தில் பங்குகொண்ட ஆடவர் எத்தனை பேர் அந்த இல்லங்களில் துணி வெளுத்தனர்? ஒருவரும் இல்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அந்த இல்லங்களுக்கு உள்ளாட்சி மன்றங்களின் பணமும் சென்றது. அரசு தன் பணப்பையை மதத்தின் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. ஆகவே, பணம் அரசுடையது என்பதால் மட்டும் ஒரு திட்டம் நல்லதாகிவிடாது.

மாற்றம் எப்போது வந்தது? 1973இல் அயர்லாந்து அரசு, மணமாகாத தாய்க்கென ஓர் உதவித்தொகையை ஏற்படுத்தியது. இல்லத்திற்கு அன்று, அவள் கையிலேயே. வேறு காரணங்களும் சேர்ந்தன; ஆயினும் அதன் பிறகு பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொண்ட தாயர் பெருகினர். அந்த இல்லங்கள் ஆளில்லாமல் ஒவ்வொன்றாய் மூடின. மதகுருக்களின் மனமாற்றத்திற்காகக் காத்திருக்கவில்லை அந்தப் பெண்கள். மாதாமாதம் வந்த பணம் அவர்களை விடுவித்தது. 1987இல் 'முறையில்லாப் பிறப்பு' என்ற நிலையையே அந்நாடு சட்டத்திலிருந்து நீக்கியது.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2015இல் தத்தெடுக்கும் விதிகள் மாறி, மணமாகாத தனியருக்கும் வழி தெளிவாக்கப்பட்டபோது, அன்னை தெரசா நிறுவிய சபையினர் அது தங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று கூறித் தத்துப் பணியையே நிறுத்திக்கொண்டனர். அது அவர்கள் உரிமை, குறை சொல்வதற்கில்லை. நாம் காண வேண்டியது வேறு. தருமம் செய்பவருக்கு நிறுத்திக்கொள்ளும் உரிமை உண்டு. பெறுபவருக்குக் கேட்கும் உரிமை இல்லை. கேட்டுப் பெறக்கூடியது எதுவோ, மறுத்தால் வழக்காடக்கூடியது எதுவோ, அதற்குப் பெயர்தான் உரிமை.

நாமே அவர்கள்

'மணமாகாத பெற்றோர்' என்றவுடன், யாரோ, எங்கேயோ, வழி தவறியவர்கள் என்று எண்ணும் தோழர்களும் நம்மிடையே இருக்கலாம். அவர்களுக்கு நம் இயக்க வரலாற்றின் ஓர் ஏட்டை நினைவூட்டுகிறேன்.

புரோகிதர் இல்லை, தீ இல்லை, மந்திரம் இல்லை. மாலை மாற்றி, ஒப்பந்தம் சொல்லி, ஊரறிய நடந்தன சுயமரியாதைத் திருமணங்கள். ஊர் ஒப்பியது, சட்டம் ஒப்பவில்லை. 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன் பொருள் என்ன? அந்தக் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகள் முறையில்லாப் பிள்ளைகள்! கொள்கைக்காக மணந்த நம் தாத்தாவும் பாட்டியும் அந்நாளில் 'மணமாகாத பெற்றோர்'!

1967இல் அறிஞர் அண்ணாவின் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. இனி நடப்பவை மட்டுமல்ல, முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது. ஒரே கையெழுத்தில் பல்லாயிரம் பிள்ளைகள் மீதிருந்த பழி நீங்கியது. அந்தப் பிள்ளைகள் ஒரே இரவில் நல்லவர்களாக மாறிவிட்டார்களா? இல்லை, அவர்கள் என்றும் போலவே இருந்தனர். மாறியது சட்டத்தின் பார்வை. பழி பிள்ளையின் மீது பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வருவதன்று. எழுதுகோல் ஒட்டியது, எழுதுகோலே எடுத்தது. இதை நம் குடும்பங்களில் கண்ட பிறகும், இன்னொரு பெண்ணை நோக்கி 'தாலி எங்கே' என்று கேட்கலாமா?

அரசின் பட்டியல்

இனி நம் அரசின் பட்டியலையும் அதே அளவுகோலால் அளப்போம். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் தோன்றியது. ஆதரவற்ற விதவையர்க்கு 1975இல் வந்தது. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு 1986இல் வந்தது. 50 வயதைக் கடந்த, மணமாகாத ஏழைப் பெண்களுக்கு 2008இல் வந்தது. ஒவ்வொன்றும் பாராட்டுக்குரியது.

22 வயதில், மணமாகாமல், இடுப்பில் குழந்தையோடு நிற்கும் பெண்ணை இந்தப் பட்டியலின் முன் நிறுத்துங்கள். கணவன் இறந்தானா? கணவனே இல்லை, ஆகவே அவள் விதவை அல்லள். கணவன் கைவிட்டானா? கைவிட்டவன் கணவன் அல்லன். ஆகவே அவள் கைவிடப்பட்ட மனைவி அல்லள். மணமாகாதவளா? ஆம், ஆனால் 50 வயது ஆகவில்லை, இன்னும் 28 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்! தாலி அறுந்தவளுக்கு ஒரு கட்டம். தாலி இருந்தும் துணை இழந்தவளுக்கு ஒரு கட்டம். தாலி ஏறாமலே மூப்பெய்தியவளுக்கு ஒரு கட்டம். தாலி ஏறாமல் தாயானவளுக்குக் கட்டமே இல்லை. பட்டியல் அரசுடையது, அதை வரைந்த கோல் புரோகிதனுடையது.

1992இல் சேலத்தில் தொடங்கி, பின்னர்ப் பிற மாவட்டங்களுக்கும் சென்ற தொட்டில் குழந்தைத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க எழுந்தது அது. ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது. நன்றி மறவோம். ஆயினும் அது பிள்ளையை விட்டுச் செல்ல இடம் தந்தது. பிள்ளையோடு இருக்க இடம் தரவில்லை. குந்தியின் பேழை ஆற்றிலிருந்து கரையேறித் தொட்டிலாயிற்று, அவ்வளவே. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறுவதற்கு இரண்டு மாதம் தவணை தருகிறது. நல்ல விதி. ஆனால் அந்த இரண்டு மாதமும் அவள் எதை உண்டு மனம் மாறுவாள்? பசித்தவளுக்குத் தரும் தவணை, தவணையா?

பணியிலிருக்கும் பெண்ணின் நிலை என்ன? 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 'பெண்' என்று மட்டுமே சொன்னது. தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டமும் அப்படியே. ஆலையில் நூற்கும் பெண் சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போனால் சட்டம் அவளிடம் தாலியைக் கேட்பதில்லை. மைய அரசின் விடுப்பு விதியும் 'பெண் ஊழியர்' என்றே பேசுகிறது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்க்கான அடிப்படை விதி 101 மட்டும் 'மணமான பெண் ஊழியர்' என்று பேசி வந்திருக்கிறது. 2021இல் அந்த விடுப்பு 9 மாதத்திலிருந்து 12 மாதமாக நீண்டது. நாட்களைக் கூட்டினார்கள், அந்த ஒரு சொல்லை எடுக்கவில்லை. 2025இல் கீழ் நீதிமன்றமொன்றின் பெண் ஊழியருக்கு, திருமணத்திற்குப் போதிய சான்றில்லை, மணத்துக்கு முன்பே கருவுற்றார் என்றெல்லாம் சொல்லி விடுப்பு மறுக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கி, ஓர் இலட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது. பஞ்சாலைத் தொழிலாளிக்கு 1961இல் கிடைத்த மதிப்பு, பள்ளி ஆசிரியைக்கு விதியளவில் கிட்டவில்லை என்பது சுயமரியாதை பேசிய மண்ணுக்குப் பொருந்துமா?

விடிவின் கீற்றுகளும் இல்லாமல் இல்லை. 2015இல் உச்சநீதிமன்றம், மணமாகாத தாய் தன் பிள்ளையின் காப்பாளர் ஆவதற்குத் தந்தையின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்றது. தாயின் உறுதிமொழி ஒன்றே பிறப்புச் சான்றுக்குப் போதும் என்றது. 2022இல் மைய அரசின் மகப்பேற்று உதவித் திட்டத்தில் கணவனின் ஆதார் கட்டாயம் என்ற விதி நீங்கியது. அதே ஆண்டின் குழந்தைப் பாதுகாப்பு நெறிமுறைகளில், மாதம் 4,000 ரூபாய் ஆதரவு பெறத்தக்க பிள்ளைகளின் வரிசையில், விதவையின் பிள்ளையோடு 'குடும்பத்தால் கைவிடப்பட்ட' தாயின் பிள்ளையும் சேர்ந்தது. 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தின் விதிகள், மணமாகாத தனித்த பெண் நடத்தும் குடும்பத்திலும் அவளே குடும்பத் தலைவி என்று ஏற்றன. மாதம் ஆயிரம் ரூபாய் என்பதைவிட அந்த ஏற்பு பெரிது. ஆனால், அட்டைக்கு ஒருவர் என்பது அதன் கணக்கு. தந்தை வீட்டு அட்டையில் பெயர் இருக்கும் பெண்ணுக்கு அது எட்டாது. தனி அட்டை பெற்றுத் தனி வீடு எடுக்கவோ அவளிடம் பணம் இல்லை.

போத்தனூரில் வண்டி ஏறி வாளையாறைத் தாண்டினால் கேரளம். அங்கே 'ஸ்நேகஸ்பர்சம்' என்ற பெயரில் மணமாகாத தாயர்க்கென்றே ஒரு மாத உதவித் திட்டத்தை அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் நடத்தி வந்திருக்கிறது. வெளியாட்களால் ஏமாற்றப்பட்ட பழங்குடிப் பெண்களின் துயரம் அங்கே பேசப்பட்டது. அரசு காது கொடுத்தது. மலைக்கு அந்தப் பக்கம் முடிந்தது, இந்தப் பக்கம் ஏன் முடியாது?

ஒழுக்கம் கெடுமா?

'உதவி கொடுத்தால் ஒழுக்கம் கெடும். தாலி கட்டாமல் பிள்ளை பெறுவது பெருகும்' என்பர். நெடுங்காலமாகச் சொல்லப்படும் வாதம் இது. விதவைக்கு மறுமணம் என்றபோதும் இதைத்தான் சொன்னார்கள். பெண்ணுக்குச் சொத்து என்று 1929இல் செங்கற்பட்டு மாநாடு தீர்மானித்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்காக ஒரு பெண் பத்து மாதம் சுமந்து, ஊரின் வசையைத் தாங்கி, பிள்ளை பெறுவாள் என்று எண்ணுவோர் பிரசவ வலியை அறியாத ஆடவராகத்தான் இருக்க வேண்டும்.

ஒழுக்கம் பற்றி அவ்வளவு கவலை இருந்தால் ஆடவனைக் கேட்கட்டும். 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே, மணமின்றிப் பிறந்த பிள்ளைக்கும் தந்தை வாழ்வுப் பொருள் தர வேண்டும் என்று இருந்தது. 1973இன் சட்டத்திலும் 125ஆம் பிரிவில் தொடர்ந்தது. 2024 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாக நிற்கிறது. நூற்றாண்டு கடந்த சட்டம்! ஆனால், கைக்குழந்தையோடு நீதிமன்றப் படியேறி, வாய்தா வாய்தாவாக அலைந்து அதை வாங்க வேண்டியவள் அவள். நார்வே நாடு 1915இலேயே, மணமின்றிப் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் பெயரும் சொத்தும் உண்டு என்று சட்டம் செய்தது. சுவீடன் போன்ற நாடுகளில் அரசே முதலில் தாய்க்குக் கொடுத்துவிட்டுத் தந்தையிடம் வசூலிக்கும் முறை வந்தது. வரி வசூலிக்கத் தெரிந்த அரசுக்கு இதை வசூலிக்கத் தெரியாதா?

கொங்கு நாட்டில் இந்த வழக்கு இன்னும் கூர்மையானது. இங்கே மணமாகாத பெற்றோருள் மணக்க விரும்பியும் மணக்க விடப்படாதவர்கள் உண்டு. சாதி குறுக்கே நின்று தாலியைத் தடுக்கிறது. பிறகு தாலி இல்லை என்று அதே சாதி பழிக்கிறது. 2016இல் உடுமலைப்பேட்டையின் நடுவீதியில், பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த இளைஞன் வெட்டிக் கொல்லப்பட்டான். மணந்தால் அரிவாள், மணக்காவிட்டால் வசை! பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' புதினம் 2010இல் வந்தது. திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவை வைத்து, பிள்ளையில்லாத பெண்ணுக்குச் 'சாமி கொடுத்த பிள்ளை' என்ற பெயரால் ஊர் கண்டும் காணாததுபோல் விடும் வழியொன்றை அது பேசியது. எழுந்த எதிர்ப்பில், 2015இல் அவர் எழுத்தையே துறப்பதாக அறிவிக்க நேர்ந்தது. 2016இல் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. புதினம் கதைதான், ஆனால் அது கேட்கும் கேள்வி கதையன்று. சாமி கொடுத்தது என்றால் தாலாட்டும் சமூகம், மனிதன் கொடுத்தது என்றால் ஏன் கல்லெறிகிறது?

இதே மாவட்டங்களின் பஞ்சாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கினார்கள். சில ஆண்டு உழைத்தால் திருமணத்திற்கு ஒரு தொகை. இடையில் நின்றால் அது கிட்டாது என்ற முறையீடுகள் எழுந்தன. உழைத்த கூலியே தாலியோடு முடிச்சுப் போடப்பட்ட நாட்டில், உதவி மட்டும் முடிச்சில்லாமல் வருமா? நாம்தான் அவிழ்க்க வேண்டும்.

செய்ய வேண்டுவது

நாம் கேட்பது பெரிய புரட்சி அன்று. ஓய்வூதியப் பட்டியலில் ஒரு வரி சேர வேண்டும்: தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய் அல்லது தந்தை, வயது வரம்பின்றி. 'மணமாகாத தாய்' என்ற தனி முத்திரைகூட வேண்டாம்; முத்திரை குத்திக் கொடுக்கும் சோறு மீண்டும் தருமமாகிவிடும். விடுப்பு விதியிலிருந்து 'மணமான' என்ற ஒரு சொல் போக வேண்டும். தந்தை தர வேண்டியதை அரசு முதலில் கொடுத்து, அவனிடம் வசூலிக்க வேண்டும். தாயும் சேயும் பிரியாமல் தங்குவதற்கு மாவட்டந்தோறும் இல்லம் வேண்டும். அதை எந்த மதத்தார் நடத்த முன்வந்தாலும் நடத்தட்டும். ஆனால் கணக்கும் கண்காணிப்பும் அரசின் கையில் இருக்க வேண்டும். செபமோ பூசையோ சோற்றுக்கு விலையாகக் கூடாது.

அதுவரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஊருக்கு ஒரு படிப்பகம் நடத்துகிறோம். அங்கே வரும் தோழர் ஒவ்வொருவரும் இந்த விதிகளைத் தெரிந்து வைத்திருக்கட்டும். வட்டாட்சியர் அலுவலகத்திற்குத் தனியே போக அஞ்சும் பெண்ணோடு உடன் செல்லட்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணை ஊர்ச் சுவர்களில் எழுதட்டும். பிறப்புச் சான்றுக்குத் தந்தை பெயரைக் கேட்டு விரட்டும் அலுவலரிடம் 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்துக் காட்டட்டும். என்னைப் போன்ற ஆசிரியர்கள், சேர்க்கைத் தாளில் தந்தையின் பெயர் நிரப்பப்படாமல் வரும் பிள்ளையை வகுப்பு நடுவே எழுப்பிக் கேள்வி கேட்காமல் இருக்கட்டும். அந்த மௌனமும் ஒரு தொண்டுதான்.

பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கற்பையும் சொத்துரிமையையும் கர்ப்பத்தடையையும் ஒரே வரிசையில் வைத்து ஆராய்ந்தார். காரணம் வெளிப்படை. கையில் பொருளில்லாத பெண்ணுக்குக் கற்பு விலங்கு. கையில் பொருள் உள்ளவளுக்கு அது வெறும் சொல். மதம் அவளுக்கு மன்னிப்பைக் கொடுக்க முன்வருகிறது. அவள் கேட்பது மன்னிப்பை அன்று. குற்றம் செய்தவர்க்கே மன்னிப்பு வேண்டும். குடிமகளுக்கு வேண்டுவது பங்கு.

பிள்ளைகளைக் கிடத்துவதற்கு ஆற்றுப் பேழையும், கன்னிமாடமும், அரசுத் தொட்டிலும் செய்து பார்த்துவிட்டோம். இவற்றுக்கெல்லாம் முன்பே இருந்த இடம் தாயின் மடி. அந்த மடிக்கு ஒரு கூரையும், அவள் வயிற்றுக்கு மூன்று வேளைச் சோறும் உரிமையாகக் கிடைக்கும் நாளில், பிள்ளையை எங்கே விடுவது என்ற கேள்வியே எழாது. அந்த நாளைக் கொண்டுவருவது ஆண்டவன் வேலை அன்று, ஆள்வோரின் வேலை. ஆள்வோரை அந்த வேலை செய்ய வைப்பது நம் வேலை.